சீர்த்தட்டில் சொடக்குத் தக்காளி

பூ வைக்க வந்தவர்கள் வேனில் ஏறிப் போன கையோடு சோலையப்பன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, தட்டுகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரிமளத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வைத்த தட்டுப் பழத்தைப் பெண் வீட்டார் அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. பொழுது இறங்குவதற்குள் பங்காளி வீடுகளுக்கெல்லாம் பங்கு போயாக வேண்டும். போகவில்லை என்றால் ஒன்றும் ஆகிவிடாது, பேச்சு மட்டும் ஆகும். அந்தப் பேச்சு, கட்டிக்கொடுத்த பெண் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிற வரைக்கும் ஓயாது.

ஆப்பிள், சாத்துக்குடி, மாதுளை, திராட்சை, பூவன் பழம் என்று ஒவ்வொரு தட்டாகப் பிரித்துக்கொண்டே வந்தவருக்குக் கடைசித் தட்டில் கை நின்றது. ஜிகினாத்தாள் சுற்றி, ரோஸ் ரிப்பன் கட்டிய தட்டு அது. மற்றதையெல்லாம் பொம்பளைகள் சுமந்து வர, இதை மட்டும் சம்பந்தி குணசேகரனே தன் கையால் ஏந்திக்கொண்டு வந்தார். அறந்தாங்கிக்காரர். துபாயில் ரொம்பக் காலம் மேனேஜராக இருந்துவிட்டு வந்தவர் என்று பேர். சபையில் இறக்கி வைக்கும்போது, "இது ஃபாரின் பழம், பாத்து வைங்க" என்று வேறு சொன்னார். அப்போதிருந்தே சோலையப்பனுக்கு அதன் மேல் ஒரு கண்.

ரிப்பனை அவிழ்த்தார். உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றைத் திறந்தால், காய்ந்த தாள் மாதிரி ஓர் உறைக்குள் உருண்டையாக என்னவோ இருந்தது. உறையைக் கிழித்ததும் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக ஒரு பழம் உள்ளங்கையில் உருண்டது.

"ராசலெச்சுமி, இங்கிட்டு வா" என்றார். குரலே மாறிப்போயிருந்தது.

அடுப்படியில் பாயசக் குண்டானைச் சுரண்டிக்கொண்டிருந்த ராஜலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்னன்னு சொல்லு."

வாங்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "சொடக்குத் தக்காளி மாதிரில்ல இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி. அதேதான்."

மழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்தால் கடலைக் காட்டில், குப்பைமேட்டில், வரப்போரத்தில் யாரும் கேட்காமல் முளைக்கிற களை அது. சின்னப் பிள்ளைகள் காயை உறையோடு பறித்து நெற்றியில் அடித்துப் பட்டென்று வெடிக்க வைக்கும். பழுத்துக் கீழே விழுந்தால் பொறுக்கித் தின்னும். பெரியவர்கள் வேரோடு பிடுங்கி எறிவார்கள். சோலையப்பன் மண்வெட்டி பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு நாளும் அவரை மதித்ததில்லை. இப்போது ரோஸ் ரிப்பன் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"களையத் தட்டுல வச்சுக் குடுத்துருக்கான் பாரு. வெவசாயி வீடுதானே, எதக் குடுத்தாலும் பல்லக் காட்டி வாங்கிக்குவான்னு நெனச்சுட்டான்."

"மெல்லப் பேசுங்க. புள்ள காதுல விழுகப் போகுது."

புள்ளை ஏற்கெனவே நிலைப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். காவ்யா புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம்தான் என்றாலும், மாப்பிள்ளை நிலவழகனை அவளுக்குப் பிடித்துப்போனது ஊருக்கே தெரியும். பிடிக்காத மாதிரி நடிக்க அவளுக்கு வராது. தலையில் வைத்த பூவோடு வந்து டப்பாவை வாங்கி, மேலே ஒட்டியிருந்ததைப் படித்தாள்.

"அப்பா, இது கோல்டன் பெர்ரி. டவுன்ல பெரிய கடையிலதான் கெடைக்கும். விட்டமின் சி இருக்கு, ஏ இருக்கு, நார்ச்சத்து இருக்கு, இரும்புச்சத்து இருக்கு."

"இம்புட்டும் இருக்கற செடியவா நான் பிடுங்கி வரப்புல எறிஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"நம்மூருது சின்ன ரகம்ப்பா. இது பெரிய ரகம், மலைப்பக்கம் வெளையிறது. ரெண்டும் ஒரே குடும்பந்தான்."

"குடும்பம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் கண்ணுசாமியும்கூட ஒரே குடும்பந்தான்."

கண்ணுசாமி அவருடைய பெரியப்பா மகன். விசேஷ வீட்டுக்கு வந்தால் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார், தட்டைத்தான் எண்ணுவார். இந்தப் பழத்தைக் கண்ணுசாமி வீட்டுக்குப் பங்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று சோலையப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். 'சோலையப்பன் சம்பந்தி களை கொண்டாந்தான்' என்று பொழுது விடிவதற்குள் டீக்கடை பூராவும் சிரிக்கும். நினைக்கும்போதே காது சுட்டது.

"இத மட்டும் யாருக்கும் குடுக்க வேணாம்" என்று டப்பாக்களை உள்ளே தள்ளினார்.

காவ்யா டப்பாக்களைத் திறந்து பழங்களை உறையோடு ஓர் ஓலைக்கொட்டானில் கொட்டி, கடலை மூட்டை அடுக்கும் உள்ளறையில் தொங்கவிட்டாள். மூடி வைத்தால் வேர்த்துப்போகுமாம், உறையோடு காற்றாட இருந்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்குமாம். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலையில் கண்ணுசாமி வந்துவிட்டார். துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, ராஜலட்சுமி கொடுத்த காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"எல்லாம் வந்துச்சு தம்பி. ஆப்பிள் வந்துச்சு, மாதுளை வந்துச்சு. ஒங்க மதினிக்கு ரொம்பச் சந்தோசம். சம்பந்தி கையில ஏந்திட்டு வந்தாரே ஒரு தட்டு, அதுதான் வரல."

"அதுவாண்ணே" என்றார் சோலையப்பன். "கெட்டுப்போச்சுண்ணே."

"கெட்டுப்போச்சா? வச்ச அன்னைக்கேவா?"

"ஃபாரின் பழம்ல. ஏரோப்ளேன்ல வந்தது. நம்மூரு வெக்கை தாங்கல போல."

"ஐப்பசி மாசம் மழ பேஞ்சுக்கிட்டு இருக்கு. எங்கிட்டு இருந்து வந்துச்சு வெக்கை?"

"வேன்ல வந்த வெக்கைண்ணே."

"அப்ப அழுகுன பழத்தையா சீருக்குக் கொண்டாந்தாங்க?"

"கொண்டாரையில நல்லாத்தான் இருந்துருக்கும்."

"அதச் சொல்லு" என்று எழுந்தார் கண்ணுசாமி. பழம் கெட்டதை அவர் துளியும் நம்பவில்லை. அந்தத் தட்டில் நகை இருந்திருக்கிறது, தம்பி அதை அமுக்கிவிட்டான் என்பது அவர் கணக்கு. ஆனால் வெளியே சொல்வதற்கு 'அழுகின பழம்'தான் ருசியாக இருந்தது. கண்ணுசாமியின் கொழுந்தியாளை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அரிமளத்தில் புறப்பட்ட பஸ் அறந்தாங்கி போய்ச் சேர்வதற்கு முன்னாடியே பேச்சுப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதன்கிழமை கடலை பிடுங்கல். ஈரச் செம்மண்ணில் செடி கைக்கு இலகுவாக வந்தது. பிடுங்கிப் போட்டதைப் பொம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருக்க, தைல மரத்தோப்புப் பக்கமிருந்து வரும் மயில்களைச் சோலையப்பன் தகரம் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அவித்த கடலை தின்கிற சாக்கில் கண்ணுசாமியும் வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சோலையப்பனின் போன் ஒருமுறை சேற்றில் விழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில்தான் பேசும். காதில் வைத்துக் கேட்கிற சங்கதியே அதில் கிடையாது.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?" குணசேகரன் குரல் வரப்பு முழுக்கக் கேட்டது. "ஒரு வார்த்த கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. நான் கொண்டாந்த பழம் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமே."

சோலையப்பன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணுசாமி கடலையை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் இங்கே பொய்யன், ஆமாம் என்று சொன்னால் அங்கே பொய்யன். பக்கத்தில் இருக்கிறவனிடம்தான் மனுசன் முதலில் மானத்தைக் காப்பாற்றப் பார்ப்பான்.

"ஆமாங்க சம்பந்தி. லேசா."

"லேசான்னா?"

"ஒண்ணு ரெண்டு."

"அந்தப் பழம் உறையோட இருந்தா கெடாதுங்க. அதோட பொழங்குனவன் நான்." பிறகு வந்த குரலில் 'நல்லா இருக்கீங்களா' கேட்ட குழைவு இல்லை. "ஞாயித்துக்கெழம நான் வாரேன். கெட்டுப்போன பழத்தத் தூக்கிப் போட்டுறாதீங்க. எங்கண்ணால பாக்கணும். பாத்துட்டு, கல்யாணத்தப் பத்திப் பேசணுமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கிருவோம்."

வைத்துவிட்டார். ஆய்ந்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுபோயின.

"என்ன தம்பி, ஒரு பழத்துக்கா இம்புட்டு?" என்றார் கண்ணுசாமி. அவர் முகத்தில் தீபாவளி தெரிந்தது.

வீட்டில் காவ்யா அழவில்லை. அழுதிருந்தால் சோலையப்பன் சமாளித்திருப்பார். தட்டில் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"அவங்க அப்பா ரெண்டு நாளாச் சரியாச் சாப்புடலையாம். யார்கிட்டயும் பேசலையாம். எதுக்கு இம்புட்டு வருத்தப்படுறாருன்னு பெத்த மகனுக்கே தெரியலையாம். நீங்க ஒரு போன் போட்டு, 'கெடலைங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொல்லுங்கப்பா. முடிஞ்சு போயிரும்."

"ஏன் தப்பாச் சொன்னேன்னு கேப்பாரே. களையக் குடுத்தீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

சோலையப்பன் குழம்பைப் பிசைந்தார். "கெட்டாத்தானே கெட்டுப்போச்சுன்னு காட்ட முடியும்?" என்றார் மெதுவாக.

ராஜலட்சுமி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஆயுசு முழுக்கக் கடலை பூத்துப்போகாமல், நெல் முளைத்துப்போகாமல், வெங்காயம் அழுகாமல் பார்த்தே பழகிய மனுசன், ஒரு கொட்டான் பழத்தை அழுக வைக்கப் புறப்பட்டார். அது என்ன பெரிய வித்தையா என்றுதான் அவரும் நினைத்தார்.

முதலில் மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல் பரப்பிப் போட்டார். மழைக்கு நடுவே சுள்ளென்று வெயிலும் அடித்தது. சாயங்காலம் ஏறிப் பார்த்தால் உறைதான் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. உள்ளே பழம் முன்னைவிட இன்னும் மஞ்சளாகச் சிரித்தது. சந்தேகத்துக்கு ஒன்றைத் தின்று பார்த்தார். புளிப்பு குறைந்து இனித்தது.

அடுத்து, வாழைத்தார் பழுக்க வைக்கிற மாதிரி வைக்கோலைச் சுற்றிப் பானைக்குள் அமுக்கி, சாணியால் வாயைப் பூசினார். திறந்தபோது கொட்டகை முழுக்க வாசனை. மாடு திரும்பிப் பார்த்தது. பிறகு ஈரச்சாக்கில் கட்டி எருக்குழி ஓரத்தில் போட்டார். மறுநாள் சில உறைகளின் மேல் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. "சிக்குச்சுடா" என்று ஆசையாகக் கிழித்தார். உள்ளே பழம் எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று இருந்தது. கோபத்தில் அதையும் தின்றார்.

"உறைய உரிச்சு வச்சாச் சீக்கிரம் கெட்டுருமாம்ப்பா" என்றாள் காவ்யா, அந்தப் பக்கம் போகிற போக்கில். உதவி செய்தாளா நையாண்டி செய்தாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மிச்சமிருந்ததையெல்லாம் உரித்து ஒரு கிண்ணியில் போட்டு அடுப்படி மேடையில் வைத்தார். அது நல்ல யோசனைதான். கெட்டும் இருக்கும், கெடுவதற்கு அவகாசம் கிடைத்திருந்தால். தண்ணீர் குடிக்கப் போன ராஜலட்சுமி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு எடுக்கப் போனவள் இன்னொன்றைப் போட்டாள். காவ்யா வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கை. சோலையப்பன் கெட்டுவிட்டதா என்று பார்க்கப் போன போதெல்லாம் ஒன்று. பார்க்காமல் எப்படித் தெரியும்? சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் கிண்ணியில் ஈரம்தான் மிச்சம்.

"யாரு தின்னா?" என்று சத்தம் போட்டார்.

"ஒங்க வாயிலதான் இன்னும் கொட்டை ஒட்டியிருக்கு" என்றாள் ராஜலட்சுமி.

விடிந்தால் சம்பந்தி வந்துவிடுவார். காட்டுவதற்குக் கெட்ட பழமும் இல்லை, நல்ல பழமும் இல்லை. சோலையப்பன் காலிப் பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கடலைக் காட்டுக்கு நடந்தார். அங்கே மேல்வரப்பை ஒட்டி, கூலி வேலைக்கு வரும் ராக்காயி களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராக்காயி, அந்தச் செடியப் பிடுங்காத."

"எந்தச் செடியண்ணே?"

"சொடக்கு."

ராக்காயி களைக்கொத்தியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையேண்ணே? போன வருசம் இதுல ஒண்ண விட்டுவச்சதுக்கு என்னையப் போட்டு என்னா பேச்சுப் பேசுனீங்க."

"இப்ப விட்டு வையி. கீழ விழுந்து கெடக்கறதப் பொறுக்கி இந்த டப்பாவுல போடு."

"இதையா? இத நாங்கதான் திம்போம், நீங்களா திங்கப் போறீங்க?"

"சம்பந்திக்கு."

ராக்காயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குனிந்து பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை குணசேகரன் காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்டு, தங்க வாட்சு, தெருமுனையிலேயே செண்டு வாசம். கூட நிலவழகன் மட்டும். அவன் காவ்யாவைப் பார்த்தான், காவ்யா அவனைப் பார்த்தாள், இரண்டு பேரும் தத்தம் அப்பாக்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுப்படியில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடாமலேயே கண்ணுசாமியும், "சும்மா இங்கிட்டு வந்தேன்" என்று வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பழத்தக் காட்டுங்க சம்பந்தி" என்றார் குணசேகரன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சோலையப்பன் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். குணசேகரன் ஒன்றை எடுத்தார். விரலால் ஒரு திருகு, உறை கழன்று விழுந்தது. அப்படி ஒரு லாவகத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இன்னொன்றை உரித்தார். இன்னொன்று.

"இதுல கெட்டது ஒண்ணுமில்ல" என்றார். "இது நான் கொண்டாந்த பழமும் இல்ல."

கோழி மட்டும் கொதித்தது.

சோலையப்பன் மகளைப் பார்த்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து அப்பன் வாயிலிருந்து எந்தப் பொய் வரப்போகிறது என்று அவள் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாள் கண்ணுசாமிக்குப் பயந்தவருக்கு, அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

"கெடலைங்க சம்பந்தி" என்றார். "ஒண்ணுகூடக் கெடல. நான்தான் பொய் சொன்னேன். இந்தா இருக்கறது எங்க வரப்புல மொளைக்கிற களைங்க. சொடக்குத் தக்காளின்னு சொல்லுவோம். நீங்க வச்சது இதோட பெரிய சாதி. அதப் பாத்ததும், என்னைய மட்டமா நெனச்சுத்தான் களையக் கொண்டாந்து வச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டேன். பங்காளி வீட்டுக்கு அனுப்ப வெக்கமா இருந்துச்சு. இவரு வந்து கேட்டாரு. கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

குணசேகரன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "களையா?" என்றார்.

"ஆமாங்க."

"வரப்புலயா?"

"பிடுங்கப் பிடுங்க வருங்க."

அவர் வாட்சைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"என்னைய மேனேஜர்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. எம்மகனும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கான். நான் மேனேஜர் இல்லைங்க. பெரிய கடையில பழம் பொறுக்குனவன். விடியக்காலையில குளுரு ரூமுக்குள்ள போயி அழுகுனது, அடிபட்டதெல்லாம் பொறுக்கிக் கழிவுக்கூடையில போடணும். நல்ல பழத்துல வாய வச்சா வேல போயிரும். கழிச்சத மட்டும் எடுத்துக்கிரலாம். ஆப்பிளா இருந்தா அழுகுன பக்கத்தக் கடிச்சுத் துப்பிட்டு மிச்சத்தத் திம்போம். மாம்பழமும் அப்படித்தான், திராட்சையும் அப்படித்தான். அங்க இருந்த காலம் பூராம் நான் தின்னது கெட்ட பழந்தான்."

நிலவழகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பழம் மட்டும் என் கூடைக்கு வரவே வராது. உறைக்குள்ள இருக்கறதால அழுகாது. அடுக்குவேன், தொடைப்பேன், வாயில வச்சதில்ல. எம்மகனுக்குப் பூ வைக்கிற அன்னைக்கு இதத்தான் வைக்கணும்னு அப்பவே மனசுல வச்சுக்கிட்டேன். எது கெட்டாலும் இது கெடாதுன்னு. அதப் போயி, குணசேகரன் அழுகுன பழத்தச் சீருக்கு வச்சுட்டான்னு ஊரே பேசுனா எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க."

சோலையப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனையோ பொய் இருக்க, இந்த மனுசனிடம் போய் இந்தப் பொய்யையா சொல்லித் தொலைத்தோம் என்று உள்ளுக்குள் வெந்துபோனார்.

"நான் வச்ச பழம் எங்க?" என்று கேட்டார் குணசேகரன்.

"தின்னுட்டோங்க."

"எல்லாத்தையுமா?"

"கெட வைக்கத்தாங்க பாத்தேன்." மறைக்க இனி என்ன இருக்கிறது என்று சோலையப்பன் எல்லாவற்றையும் கொட்டினார். "தகரத்துல காய வச்சேன், கெடல. வைக்கோல் போட்டுப் பானைக்குள்ள அடைச்சு வச்சேன், இனிச்சுப்போச்சு. எருக்குழியில போட்டேன், மினுக்கிக்கிட்டு வருது. கெட்டுருச்சா கெட்டுருச்சான்னு தின்னு பாத்ததுலயே தீந்துபோச்சு."

முதலில் சிரித்தது நிலவழகன்தான். அடக்க முடியாமல் தும்மல் மாதிரி வெளியே வந்தது. காவ்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். குணசேகரன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "எருக்குழியிலயா போட்டீங்க?" என்று கேட்டவர், கேட்டு முடிக்கும்போதே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அப்ப அந்தத் தட்டுல நகை ஒண்ணும் இல்லையா?" என்றார் கண்ணுசாமி.

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"நகையா?" என்றாள் ராஜலட்சுமி.

"இல்லத்தா, ஊர்ல பேசிக்கிட்டாங்க."

"ஊர்ல யாரு மச்சான் பேசுனா? நீங்க ஒரு ஆளுதானே ஊர்ல பேசுறது?"

கண்ணுசாமி கோழிக்குழம்பு வாசனை வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து போகவில்லை.

குணசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "எப்படி இருந்துச்சு சம்பந்தி?"

"எது?"

"அந்தப் பழந்தான். ருசி."

சோலையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க ஒண்ணுகூடத் திங்கலையா? வாங்கையிலகூடவா?"

"சீர்ப்பழத்துல எப்படிங்க கை வைக்கிறது?"

சோலையப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "எந்திரிங்க. சோறு அப்புறம் திங்கலாம். காட்டுக்குப் போயிட்டு வருவோம்."

தூறல் விட்டிருந்தது. குணசேகரன் வெள்ளைப் பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு செம்மண் சேற்றில் பின்னாலேயே வந்தார். வழியில், "தைக்குள்ள முடிச்சுருவோம் சம்பந்தி, நல்ல நாளா நீங்களே பாருங்க" என்றார். சோலையப்பன் திரும்பித் தலையை ஆட்டினார்.

மேல்வரப்போரம் ராக்காயி விட்டுவைத்த செடிகள் இடுப்பளவுக்கு நின்றன. அடியில் தாள் தாளாக உதிர்ந்து கிடந்தது.

"செடியில தொங்குறதத் தொடாதீங்க. பச்சை ஆகாது, வயித்தப் பொரட்டும். தானா விழுந்ததுதான் பழுத்தது. அதப் பொறுக்குங்க."

குணசேகரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை அது பாட்டுக்கு ஓடியது. எடுப்பதும் உரிப்பதும் புரட்டிப் பார்ப்பதும் ஒரே வீச்சு. நல்லதையெல்லாம் விரித்த துண்டில் சேர்த்தார். ஒரு பழம் மழைத்தண்ணீர் குடித்து வெடித்து, ஓரத்தில் எறும்பு அரித்திருந்தது. அதை மட்டும் துண்டில் போடாமல், ஊதிவிட்டுத் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். யோசித்துச் செய்தது இல்லை, கை அப்படித்தான் போய்ப் பழகியிருந்தது.

சோலையப்பன் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத எறிங்க சம்பந்தி."

"லேசாத்தான் வெடிச்சுருக்கு. அந்தப் பக்கத்தக் கடிச்சுத் துப்பிட்டா..."

"எறிங்கங்கிறேன்ல." அவரே பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிந்தார். துண்டில் இருந்ததிலேயே நல்லதாக, முழுசாக, மஞ்சளாக ஒன்றைப் பொறுக்கிச் சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இதத் தின்னுங்க."

குணசேகரன் அதை வாயில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. விழுங்கிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி மறுபடியும் கையை நீட்டினார்.

"இன்னொண்ணு குடுங்க. நல்லதாப் பாத்து" என்றார்.